ஊசி போட்டால்தான் காய்ச்சல் இறங்குமா?

மும்பையில் மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். சர்க்கரை, பிரஷர், முட்டி வலி எல்லாம் பின்னால் போய், காய்ச்சலும் ஊசியும் முன்னால் வந்து நிற்கும். இந்த முறை பாதிக் கேள்விகள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைப் பற்றியே. மோனோசெஃப் ஊசி என்றால் பலருக்குச் சட்டென்று புரியும்.

கேள்வி (தாராவி, 90 அடி சாலை): வீட்டுக்காரருக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். விடால் டெஸ்ட் பாசிட்டிவ், டைஃபாய்டு என்று சொல்லி மூன்று நாளாக நரம்பில் ஊசி போடுகிறார்கள். காய்ச்சல் இன்னும் விடவில்லை. இதைவிட ஹெவியான ஊசி கேட்கலாமா டாக்டர்?

பதில்: இப்போதைக்குக் கேட்க வேண்டாம் அம்மா. டைஃபாய்டுக் கிருமி நம் உடம்பின் செல்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். அதனால் செஃப்ட்ரியாக்சோன் நன்றாக வேலை செய்யும்போதுகூடக் காய்ச்சல் இறங்க 5, 6 நாள் பிடிக்கும். உச்சம் 104 தொட்டது 102 ஆகியிருக்கிறதா, சாப்பாடு கொஞ்சம் இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் சரியான பாதையில்தான் போகிறோம். காய்ச்சல் விட்டதும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை பொதுவாக 10 முதல் 14 நாள் வரை போகும்.

ஹெவி ஊசி என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கை. கிருமிக்குப் பொருந்தும் மருந்து எது என்றுதான் பார்க்க வேண்டும். விலையும் பெயரும் பெரிதாக இருந்தால் காய்ச்சல் பயந்து ஓடாது.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். விடால் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றை வைத்துக்கொண்டு டைஃபாய்டு என்று முடிவு செய்ய முடியாது. எப்போதோ வந்துபோன தொற்று, முன்பு போட்ட தடுப்பூசி, ஏன், மலேரியாகூட விடாலை பாசிட்டிவாகக் காட்டும். முதல் ஊசிக்கு முன்னாலேயே ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, எடுத்திருக்க வேண்டும். ஊசி ஏறிய பிறகு எடுத்தால், கிருமி இருந்தும் வளராமல் போகலாம். மலேரியா, டெங்கு பரிசோதனைகள் ஆகிவிட்டனவா என்று நாளைக்கே கேளுங்கள். அவர் முட்டளவுத் தண்ணீரில் நடந்து வந்தவரா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 2005 ஜூலை 26 வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் இந்த ஊரைப் படுத்திய பாட்டைப் பார்த்தவர்கள் மழைக்காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். எலிக்காய்ச்சலுக்கும் இதே ஊசி உதவும். ஆனால் அதில் கிட்னியையும் ஈரலையும் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கும்.

வயிறு இறுகி வலித்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, பேச்சு குழம்பினாலோ நாள் கணக்குப் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி (டோம்பிவிலி): காய்ச்சல் அடிக்கிறது. போன வருடம் வாங்கிய ஊசி மருந்து இரண்டு குப்பி மிச்சம் இருக்கிறது. தெரிந்த கம்பவுண்டர் போட்டுவிடுவார். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. குப்பியின் மேல் சிவப்புக் கட்டம் போட்டிருக்குமே, அது அலங்காரம் இல்லை. செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் எல்லாம் 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியலில் உள்ளவை. மெடிக்கல்காரர் டாக்டர் சீட்டைப் பார்த்து, உங்கள் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். இன்னொன்று, இது டெங்குவாக இருந்தால் ஊசியால் ஒரு பயனும் இல்லை. பிளேட்லெட் குறைந்த நேரத்தில் இடுப்பில் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

கேள்வி (மாட்டுங்கா): சின்ன வயதில் பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடித்ததாக அம்மா சொல்வார். இப்போது நிமோனியாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் எழுதியிருக்கிறார்கள். டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தால் போதும்தானே?

பதில்: டெஸ்ட் டோஸ் மேல் நம் மக்களுக்கு அபார நம்பிக்கை. எனக்கு அவ்வளவு இல்லை. தோலில் ஒரு சொட்டு போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக, முழு டோஸிலும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது. உங்கள் அம்மா சொன்ன கதைதான் அதைவிடப் பெரிய டெஸ்ட். வெறும் தடிப்பு மட்டும்தானா, மூச்சுத் திணறலும் முக வீக்கமும் இருந்தனவா, ஊசி போட்ட எத்தனை நிமிடத்தில் வந்தது, தோல் உரிந்ததா என்று நினைவுபடுத்திக் கேட்டு வாருங்கள்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாது என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் அது மிகக் குறைவு, சுமார் நூற்றில் இரண்டு பேர்தான். செஃப்ட்ரியாக்சோனுக்கு அதைவிடக் குறைவு, அதன் மூலக்கூறில் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பகுதி (பக்கச் சங்கிலி) பென்சிலினுடையதுபோல் இல்லை. தடிப்பு மட்டும் என்றால் கண்காணிப்போடு பெரும்பாலும் போடலாம். மூச்சு அடைத்தது என்றால் டாக்டர் யோசித்துத்தான் முடிவெடுப்பார். எப்படியானாலும் முதல் டோஸ், கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசி கையில் இருக்கும் இடத்தில்தான். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

கேள்வி (முலுண்ட்): அப்பாவுக்குக் காலில் செல்லுலைட்டிஸ் (தோலுக்கடியில் பரவும் தொற்று). டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். நர்ஸ் வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறார். கலக்கும்போது மருந்து மஞ்சளாக இருக்கிறது. கெட்டுப்போனதா?

பதில்: இல்லை. செஃப்ட்ரியாக்சோன் கரைசல் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். துகள் மிதந்தாலோ கலங்கலாக இருந்தாலோ வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது எதில் கலக்கிறார் என்பதை. இடுப்பில் போடும்போது வலி தெரியாமலிருக்க லிக்னோகெயின் கலப்பார்கள். அந்தக் கலவை ஒருபோதும் நரம்பில் ஏறக் கூடாது. அதேபோல ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப் பாட்டிலில் கால்சியம் இருக்கிறது. அதில் இந்த மருந்தைக் கலந்தால் திப்பியாகப் படிந்துவிடும். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு நரம்பில் கால்சியம் போய்க்கொண்டிருந்தால், தனித்தனிக் குழாயில்கூட செஃப்ட்ரியாக்சோன் தரக் கூடாது. மஞ்சள் காமாலை உள்ள பச்சிளம் குழந்தைக்கும் ஆகாது. அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. கேனுலா (நரம்பில் செருகிய சின்னக் குழாய்) போட்ட இடம் சிவந்து கயிறுபோல இறுகினால் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (செம்பூர்): மாமனாருக்கு 74 வயது. சிறுநீர்த் தொற்றுக்கு அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள். காது போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: வெறும் பயமுறுத்தல் இல்லை அம்மா, நடப்பதுதான். ஆனால் கவனித்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். அமிகாசின் கிட்னி வழியாகத்தான் வெளியேறும். கிட்னி தளர்ந்திருந்தால் மருந்து உடம்பிலேயே தங்கி, கிட்னியையும் உள்காதையும் தாக்கும். கிட்னி பாதிப்பு பெரும்பாலும் சரியாகிவிடும், போன செவித்திறன் திரும்பாது. அதனால் தொடங்கும் முன் கிரியாட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. எடைக்கும் கிட்னிக்கும் ஏற்றபடி டோஸ். வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வேண்டாம், பாரசிட்டமால் போதும். நீர் பிரிய ஃப்ரூசமைட் மாத்திரை எடுக்கிறார் என்றால் டாக்டருக்குத் தெரியட்டும்.

முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். பேச்சு கேட்கும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவருக்கு, பேத்தியின் கொலுசுச் சத்தம் கேட்கவில்லை என்பதுதான் முதல் அறிகுறி. காதில் இரைச்சல், தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம் எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஆன்டாப் ஹில்): தம்பி ஐசியூவில் இருக்கிறான். மெரோபெனம் போகிறது. அவன் வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவன். சொல்ல வேண்டுமா?

பதில்: இதைப் படித்ததும் போன் செய்யுங்கள். மெரோபெனம் ரத்தத்தில் உள்ள வால்ப்ரோயேட்டை ஒன்றிரண்டு நாளிலேயே பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். மாத்திரையைக் கூட்டினாலும் ஈடுகட்டாது. ஆன்டிபயாடிக்கை மாற்றுவார்கள், இல்லையென்றால் வேறு வலிப்பு மருந்து சேர்ப்பார்கள்.

கேள்வி (சயான்): ஊசி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. தினம் ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு. பேதி நிற்கும் மாத்திரை போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் அழித்துவிடுவதால், குடலில் கெட்ட கிருமி ஒன்று பெருகியிருக்கலாம். இது இரண்டு மாதம் கழித்தும் வரும். மலப் பரிசோதனை எடுங்கள், ஊசி போட்ட கதையை மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம்): ஊசி வெள்ளிக்கிழமை முடிகிறது. ஞாயிறு பார்ட்டி. புரிந்திருக்கும்.

பதில்: புரிந்தது தம்பி. எந்த ஊசி என்று எழுதவில்லையே! செஃபோபெராசோன்-சல்பாக்டம் என்ற ஆன்டிபயாடிக் என்றால் கடைசி டோஸிலிருந்து ஐந்து நாள் மதுவைத் தொடவே வேண்டாம். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியில் முடியும். செஃப்ட்ரியாக்சோனில் இது அரிது. ஆனாலும் இப்போதுதான் காய்ச்சலிலிருந்து எழுந்தவர், அடுத்த ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்களேன். பார்ட்டிக்கே போகாதவர்களுக்கும் இது பொருந்தும். பாட்டி தரும் அரிஷ்டத்திலும் சில இருமல் சிரப்புகளிலும் ஆல்கஹால் உண்டு. ஊசி போடும் நாட்களில் அந்தப் பாட்டில்களை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.