பாத நலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததுமே குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி வலி. பத்து அடி நடந்தால் குறைந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள்போல வளர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த முள்ளைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். எக்ஸ்ரேயில் அதே முள் இருந்தும் ஒரு நாள்கூட வலி அறியாதவர்கள் ஏராளம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், வலிப்பது எலும்பு அல்ல. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை வில்லின் நாண்போல ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடப்பதால் அது சுருங்கிவிடும். எழுந்ததும் உடல் எடை முழுக்க அதன்மேல் விழ, குதிகாலில் ஒட்டியிருக்கும் இடம் வெடுக்கென இழுபடுகிறது. நடக்க நடக்கத் தளர்ந்து வலி குறைகிறது.

அதனால் கால் தரையில் படுவதற்கு முன்பே அந்தச் சவ்வை நீட்டிவிட வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை மறு தொடைமேல் போடுங்கள். ஒரு கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து முன்னங்கால் பக்கமாக வளையுங்கள். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் சவ்வு கயிறுபோல விறைத்திருப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் இழுங்கள். 10 எண்ணி விடுங்கள். இப்படி 10 முறை, தினம் 3 வேளை. கூடவே சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முட்டி மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும். 30 நொடி, 3 முறை.

அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணி சுற்றி, உள்ளங்காலின் அடியில் 10 நிமிடம் உருட்டுவதும் வலியைத் தணிக்கும். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நின்று சமைப்பதுதான் இந்த வலியை ஆறவிடாமல் வைத்திருக்கும். வீட்டுக்குள் போட மெத்தென்ற செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். 6 முதல் 8 வாரம் விடாமல் செய்தால்தான் மாற்றம் தெரியும். முழுதாக மறைய ஓராண்டுகூட ஆகலாம். ஸ்டீராய்டு ஊசி சட்டென்று வலியை அடக்கும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையும், சவ்வு அறுந்துபோகவும் கூடும். ஆபரேஷன் என்பது எல்லாம் செய்தும் மாதக்கணக்கில் தீராத வெகு சிலருக்கு மட்டுமே. படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சுண்டுவிரல் பக்கவாட்டில் கால் ஆணி. கார்ன் கேப் ஒட்டினால் போகிறது, இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. எருக்கம்பால் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: எருக்கம்பால் வேண்டவே வேண்டாம். ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே புண்ணாக்கும்.

முதலில் அது ஆணிதானா என்று பாருங்கள். நேராக அழுத்தினால் வலித்தால் பெரும்பாலும் ஆணி. இரு பக்கமும் கிள்ளினால்தான் அதிகம் வலிக்கிறது, உள்ளே கரும்புள்ளிகள் தெரிகின்றன என்றால் அது மரு. மரு வைரஸால் வருவது, மற்றவருக்கும் பரவும். ஆணி வெறும் அழுத்தத்தால் வருவது. ஷூ ஒரே இடத்தில் உரச உரசத் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது; நடுவில் கூம்புபோல உள்ளே இறங்கி நரம்பை அழுத்துகிறது. கார்ன் கேப்பில் உள்ள சாலிசிலிக் அமிலம் தடித்த தோலைத்தான் கரைக்கும், ஷூவை அகலமாக்காது. அதனால்தான் திரும்ப வருகிறது.

ஒரு வெள்ளைத் தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். அதன்மேல் உங்கள் ஷூவை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் ஷூ குறுகல். புது ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். நீளவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பிளேடு எடுத்து நீங்களே சீவாதீர்கள். வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்துப் பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்த்தால் போதும்.

கேள்வி: வயலில் சேற்றில் நின்று வேலை. விரலிடுக்கு வெள்ளையாக ஊறி அரிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பில் உடனே அடங்கி, பிறகு முன்பைவிட அதிகமாகப் பரவிவிட்டது.
– வாசகர், மன்னார்குடி

பதில்: சேற்றுப்புண்ணில் பூஞ்சைதான் பெரும்பாலும் குற்றவாளி. நீங்கள் போட்ட களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைச் செழிக்க விடும். டியூபின் பின்புறம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற பெயர் இருந்தால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு கலக்காத, பூஞ்சைக்கான குளோட்ரிமசோல் 1% களிம்பானால் தினம் இரு வேளை, 4 வாரம் போட வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கரையேறியதும் கழுவி, நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே துணியை நுழைத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள். அங்கே எண்ணெயோ வேஸ்லினோ தடவாதீர்கள். கால் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பித்தவெடிப்புக்கு என்ன க்ரீம் நல்லது?
– வாசகி, சேலம்

பதில்: யூரியா 10 முதல் 25% உள்ளது. இரவில் கால் ஊறவைத்துத் துடைத்த உடனே தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். ரத்தம் கசிந்தால் க்ரீமை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் 15 வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் வலியே இல்லை என்கிறார். கவலைப்பட வேண்டாம்தானே?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: வலி இல்லாததுதான் கவலை. நரம்பு மரத்துப்போனால் செருப்பில் ஏறிய ஆணி குத்தினாலும் தெரியாது. சாக்ஸில் ரத்தக்கறை பார்த்துத்தான் தெரியவரும். உள்ளங்காலில் 10 கிராம் விசையுள்ள நைலான் இழையைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும். இரவு தோறும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்குக் கண் மங்கல் என்றால் நீங்கள் பாருங்கள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்க்கட்டும். செங்கல் ஒத்தடம், கார்ன் கேப் இரண்டும் அவருக்கு ஆகாது. கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். நண்பகலில் கருங்கல் பிரகாரத்தில் ஒரு சுற்று வந்தாலே கொப்புளம் போடும், அவருக்குத் தெரியாது. உணர்ச்சி குறைந்திருப்பது உறுதியானால் மேலே மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார்) ரப்பரும் கீழே உறுதியான அடியும் பின்வாரும் உள்ள செருப்பு வேண்டும். செருப்பு போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கட்டும். சிறு கொப்புளமானாலும் 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும்.