இருபொருள்படும் கட்டளையை டீபக்கர் எப்படிக் கையாள வேண்டும்?

புரோகிராமை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பிழை தேட உதவும் மென்பொருள்தான் டீபக்கர். அதற்குச் சுருக்கமாகத் தட்டிய கட்டளைக்கு இரண்டு பொருள் இருந்தால், அது தானே ஒன்றை ஊகித்துக்கொள்ளலாமா, நம்மைக் கேட்க வேண்டுமா என்பது கேள்வி. ஊகம் தவறினால் எவ்வளவு கெடும் என்பதைப் பொறுத்தே இது அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பரவலாகப் பயன்படும் டீபக்கரான ஜிடிபி (GDB) இதைப் பெரும்பாலும் சரியாகவே செய்கிறது. தட்டிய எழுத்துகள் பல கட்டளைகளுக்குப் பொருந்தினால் அவற்றைப் பட்டியலிட்டு நின்றுவிடும். ஆனால் 'எஸ்' என்று தொடங்கும் கட்டளைகள் பல இருந்தாலும், அடுத்த வரிக்கு நகர்த்தும், அடிக்கடி தேவைப்படும் 'ஸ்டெப்' கட்டளைக்கே 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தை ஒதுக்கியிருக்கிறது. ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கும்போது பிரேக்பாயிண்ட் (புரோகிராம் நிற்க வேண்டிய இடக்குறி) வைத்தால், இயல்பாக எல்லாவற்றிலும் வைத்துவிடும். தேவையில்லாத இடத்தில் ஒருமுறை நிற்பது சிறு தொல்லைதான். நிற்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டால், அந்தப் பிழை மீண்டும் எப்போது தலைகாட்டும் என்று காத்துக்கிடக்க வேண்டும். வெறும் என்டர் முந்தைய கட்டளையைத் திரும்பச் செய்யும் என்றாலும், புரோகிராமை முதலிலிருந்து ஓட்டும் 'ரன்' அவ்வாறு திரும்பாது.

ஆனால் அதன் கையேடே ஓர் ஆபத்தை எடுத்துக்காட்டுகிறது. புரோகிராமில் 'ஜி' என்ற வேரியபிள் (மதிப்பைத் தாங்கும் பெயர்) இருக்க, 'செட் ஜி=4' என்று தட்டினால், அது 'செட் க்னுடார்கெட்' (கோப்பின் வடிவத்தைக் குறிக்கும் டீபக்கர் அமைப்பு) என்பதன் சுருக்கமாகக் கொள்ளப்படலாம்; வேரியபிள் மாறாது, டீபக்கரின் அமைப்பு சத்தமில்லாமல் மாறிவிடும். 'செட் வார் ஜி=4' என்று விரித்து எழுதுவதே வழி. மதிப்பை மாற்றும் இத்தகைய கட்டளைகளில், அந்தப் பெயரில் வேரியபிளும் இருப்பதைக் கண்டால் டீபக்கர் எதையும் மாற்றாமல், இரண்டு பொருளையும் முழு வடிவில் காட்டிக் கேட்க வேண்டும்.