பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கான ஸ்பீக்கர் கேபிளை நாமே செய்துகொள்ளலாமா? எந்த ஒயர், எந்தக் கனெக்டர்?

தாராளமாகச் செய்துகொள்ளலாம். சரியான ஒயரும் தரமான கனெக்டரும் கிடைத்துவிட்டால், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பல கேபிள்களைவிட நம் கையால் செய்தது நீண்ட நாள் உழைக்கும் என்பதே என் அனுபவம். உங்களிடம் 500 வாட் ஹெட் (தனிப் பெட்டியாக வரும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்றும் 8 ஓம் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டும் இருப்பதாகவும், ஒயரின் தடிமன், செம்பின் தரம், கனெக்டர் ஸ்பீக்கானா (செருகித் திருப்பிப் பூட்டும் வகை) ஜாக்கா என்ற மூன்றிலும் குழப்பம் இருப்பதாகவும், கேபிள் தயாராகும் வரை கிட்டார் கேபிளையே மாட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில்தான் ஆபத்து இருக்கிறது.

கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்கு மாட்டக் கூடாது. இரண்டின் முனையிலும் ஒரே கால் அங்குல ஜாக் இருப்பதால் பொருந்திவிடும், ஓசையும் வரும். ஆனால் உள்ளே இருப்பது முற்றிலும் வேறு. கிட்டார் கேபிளின் நடுவில் மெல்லிய ஒற்றைக் கம்பியும், அதைச் சுற்றி இரைச்சல் புகாமல் தடுக்கும் வலையும் இருக்கும். கிட்டாரின் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) வரும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு அது போதும். இரண்டு 8 ஓம் கேபினெட்டையும் இணையாக மாட்டினால் சுமை 4 ஓம் ஆகிறது; அந்தச் சுமையில் உங்கள் ஹெட் 500 வாட் தரும்போது ஓடுவதோ சுமார் 11 ஆம்பியர். நடுக்கம்பி 0.22 சதுர மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மூன்று மீட்டர் கேபிளில் அந்தக் கம்பியின் மின்தடை மட்டுமே 0.23 ஓம் அளவுக்கு வரும். முழுத் திறனில் ஏறக்குறைய 25 வாட் அந்த மெல்லிய கம்பியிலேயே வெப்பமாகிவிடும். இசையில் சராசரித் திறன் இதைவிட மிகக் குறைவு என்பதால் உடனே எதுவும் ஆகாமல் போகலாம். ஆனால் ஓவர்டிரைவ் போட்டு நீண்ட நேரம் வாசிக்கும் நாளில், உள்காப்பு இளகி நடுக்கம்பி வலையைத் தொட்டுவிட்டால், ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் நேரடியாக ஷார்ட் ஆகும். அந்தப் பழுதுக்கு ஆகும் செலவில் பத்துக் கேபிள் செய்யலாம்.

அடுத்தது தடிமன். கேபிளின் மின்தடையைக் கணக்கிடும்போது போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2.5 சதுர மி.மீ. பல இழைச் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.008 ஓம் என்ற கணக்கில், ஒன்றரை மீட்டர் கேபிளுக்கு மொத்தம் 0.024 ஓம், இது 4 ஓமில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதே நீளத்தில் 1 சதுர மி.மீ. ஒயர் போட்டாலும் இழப்பு காதுக்குத் தெரியாது. மாறாக, 0.5 சதுர மி.மீ. ஒயரில் பத்து மீட்டர் இழுத்தால் மின்தடை 0.78 ஓம் ஆகிவிடும். முழுத் திறனில் 65 வாட்டுக்கு மேல் ஒயரிலேயே கழிந்து, ஒலி ஒன்றரை டெசிபெல் அளவுக்கு இறங்கும். ஆகவே ஹெட் கேபினெட்டின் மேலேயே உட்காரும் அமைப்புக்கு 1.5 போதும், 2.5 இருந்தால் நிம்மதி. மேடையின் ஓரத்திலிருந்து நீளமாக இழுக்க வேண்டியிருந்தால் மட்டும் 4 சதுர மி.மீ. பற்றி யோசியுங்கள். ஹெட்டிலிருந்து முதல் கேபினெட்டுக்குப் போகும் கேபிள்தான் முழு மின்னோட்டத்தையும் சுமக்கிறது. முதல் கேபினெட்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் இணைப்பில் பாதிதான் ஓடுகிறது. இருந்தாலும் இரண்டையும் ஒரே ஒயரில் செய்துவிடுங்கள்; அவசரத்தில் யாரும் எதை எங்கே மாட்டுகிறோம் என்று பார்ப்பதில்லை.

கடையில் கேட்கும்போது கேஜ் (ஒயரின் தடிமனைக் குறிக்கும் எண்) கணக்கில் கேட்காதீர்கள். அமெரிக்கத் தளங்களில் படித்துவிட்டு "14 கேஜ்" என்று கேட்டால், அங்கே அது சுமார் 2.1 சதுர மி.மீ.; நம் ஊரில் பழக்கத்தில் இருந்த பிரிட்டிஷ் கேஜிலோ அதே 14 என்பது 3.2 சதுர மி.மீட்டருக்கு மேல். பழைய கடைக்காரர்கள் 23/36, 40/36 என்று சொன்னால் அது 36 கேஜ் இழைகள் எத்தனை என்பதைக் குறிக்கிறது. 40/36 என்பது ஏறக்குறைய 1.2 சதுர மி.மீ. "டூ கோர், ரவுண்டு, ஃப்ளெக்சிபிள், 2.5 ஸ்கொயர்" என்று கேட்டால் எலெக்ட்ரிகல் கடையிலேயே எடுத்துக் கொடுப்பார்கள். சுவருக்குள் குழாயில் இழுக்கும் ஒற்றை ஒயர்களை முறுக்கிப் பயன்படுத்த வேண்டாம். அவற்றுக்கு மேலுறை இல்லை, கனெக்டரின் பின்புறப் பிடிப்பும் அவற்றைச் சரியாகக் கவ்வாது. சாதாரண பிவிசி உறை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அடிக்கடி சுருட்டி விரிப்பவர்களுக்கு ரப்பர் உறை போட்ட கேபிளோ, ஸ்பீக்கருக்கென்றே வரும் மென்மையான கேபிளோ சௌகரியம். இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறில்லை.

செம்பின் தரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் பயப்பட வேண்டியது செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயருக்குத்தான். சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் இணையக் கடையாக இருந்தாலும், "ஸ்பீக்கர் ஒயர்" என்ற பெயரில் விலை மலிவாகவும் பார்வைக்குத் தடிமனாகவும் வருவதில் இந்த வகை நிறைய உண்டு. மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைவிடப் பெரிய தொல்லை, மடக்கி நிமிர்த்தும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக முறிவதுதான். வாங்குவதற்கு முன் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி, ஒற்றை இழையைப் பிரித்து, நகத்தின் மேல் வைத்து பிளேடால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். செம்பு என்றால் சுரண்டச் சுரண்டச் செந்நிறமாகவே இருக்கும். முலாம் என்றால் இரண்டு இழுப்பில் வெள்ளி நிறம் எட்டிப்பார்க்கும். லைட்டர் சுடரில் காட்டினால் அலுமினிய இழை துவண்டு உருகிச் சுருங்கிவிடும், செம்பு சிவந்து நிற்கும்.

அசல் செம்பு என்று உறுதியானபின், ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு, வெள்ளி பூசிய செம்பு என்பவற்றுக்காகச் செலவு செய்யத் தேவையில்லை. வழக்கமான மின்சாரச் செம்புக்கும் ஆக்ஸிஜன் நீக்கியதற்கும் கடத்துதிறனில் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும். நான்கு கம்பி பேஸின் அடி ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் அருகே. இந்தத் தாழ்ந்த அதிர்வெண்களில் ஒயர் செய்யக்கூடிய ஒரே கெடுதல் மின்தடைதான். டாம்பிங் ஃபாக்டர் (ஸ்பீக்கர் கூம்பின் அசைவை ஆம்ப்ளிஃபயர் கட்டுப்படுத்தும் அளவு) குறையும் என்று சிலர் அச்சுறுத்துவார்கள். 8 ஓம் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலுக்கே ஐந்தரை, ஆறு ஓம் நேர்மின்தடை இருக்கும்போது, அதோடு கேபிளின் 0.024 ஓம் சேர்வதால் கூம்பின் கட்டுப்பாடு தளர்ந்துவிடாது. மிச்சமாகும் பணத்தைக் கனெக்டரில் போடுங்கள். நான் பிரித்துப் பார்த்த பழுதான கேபிள்களில் பெரும்பாலானவை முனையில்தான் போயிருந்தன, நடுவில் அல்ல.

ஸ்பீக்கானா ஜாக்கா என்றால், ஹெட்டிலும் கேபினெட்டிலும் ஸ்பீக்கான் இருக்கும்போது வேறு யோசனையே வேண்டாம். கால் அங்குல ஜாக் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்தது; அதிக மின்னோட்டத்துக்காக எண்ணி வடிவமைத்ததல்ல. முனை வெளியே தெரியும், தொடும் பரப்பு சிறியது, இழுத்தால் கழன்று வந்துவிடும், செருகும்போது ஒரு நொடி ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு. லிச்டென்ஸ்டைன் நாட்டின் நியூட்ரிக் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த ஸ்பீக்கானில் இந்தக் குறைகள் எதுவும் இல்லை. செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், உலோகம் எங்கும் வெளியே தெரியாது. இன்றைய கிளாஸ் டி (மின்சாரத்தை அதிவேகமாக விட்டுவிட்டுத் தந்து இயங்கும் வகை) ஹெட்களுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றில் பலவற்றின் அவுட்புட்டில் இரண்டு முனைகளுமே மின்சாரம் உள்ளவை, ஒன்றும் எர்த் அல்ல. ஜாக்கின் உலோக உடல் ரேக்கையோ வேறு கருவியின் பெட்டியையோ தொட்டால் ஹெட்டுக்குக் கேடு. போலி ஸ்பீக்கான்களும் ஏராளமாக விற்கின்றன. பூட்டு நாக்கு தளதளவென்று ஆடினாலோ, ஸ்க்ரூவை இறுக்கும்போதே மரை வழுக்கினாலோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான்கு முனை ஸ்பீக்கானே போதும். அதில் 1+, 1- இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள். மிகப் பெரும்பாலான பேஸ் கேபினெட்கள் இந்த இரண்டில்தான் இயங்குகின்றன. பிரிட்ஜ் முறையில் (இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கி) ஓடும் தனி பவர் ஆம்ப்ளிஃபயராக இருந்தால் 1+, 2+ என்று வரக்கூடும், ஆகவே பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டே தொடங்குங்கள். இரண்டு முனை பிளக் நான்கு முனை சாக்கெட்டில் பொருந்தும். நான்கு முனை பிளக் இரண்டு முனை சாக்கெட்டில் பொருந்தாது.

பொருத்தும் வேலையில் வரிசை முக்கியம். பின்புற மூடியையும் ஒயரைக் கவ்வும் பிளாஸ்டிக் பிடியையும் முதலில் ஒயரில் கோத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இறுக்கியபின் மூடி மேசையில் கிடப்பதைப் பார்த்தால் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். வெளி உறையை இரண்டு செ.மீ. அளவுக்கு நீக்குங்கள், பிளேடை அழுத்தி வெட்டாமல், உறையைச் சுற்றி மெல்லக் கீறிவிட்டு வளைத்தால் அதுவாகவே பிளக்கும், உள் ஒயர்களின் காப்பில் கீறல் விழாது. பிறகு ஒவ்வொரு ஒயரிலும் சுமார் 8 மி.மீ. செம்பு தெரியும்படி காப்பை உரித்து, இழைகளை அவற்றின் இயல்பான முறுக்குத் திசையிலேயே இறுக முறுக்குங்கள். இந்த முனைக்கு சால்டரிங் ஈயம் வைக்காதீர்கள். ஈயம் மென்மையான உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி நகர்ந்து இடம் கொடுத்துவிடும், இறுக்கமாக இருந்த இணைப்பு சில மாதங்களில் தளர்ந்து சூடாகும். வெறும் இழைகளையே செருகலாம், அல்லது பேனல் ஒயரிங்கில் போடும் ஃபெரூல் குழலை அதற்குரிய கருவியால் நசுக்கிப் போட்டுச் செருகலாம். ஸ்க்ரூ தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் இறுக்கியபின், ஒயரைக் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி செய்யுங்கள். துளைக்கு வெளியே ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் விடக் கூடாது. பக்கத்து முனையைத் தொட அந்த ஓர் இழை போதும். பிறகு உள்பகுதியை அதன் காடியில் பொருத்தித் தள்ளி, பிடியை நகர்த்தி, மூடியைத் திருகுங்கள். பிடி கவ்வ வேண்டியது வெளி உறையை. உள் ஒயர்களை அல்ல.

ஒரு கேபினெட்டில் ஜாக் மட்டுமே இருந்தால் ஒரு முனையை ஜாக்காகச் செய்யத்தான் வேண்டும். அப்போது நுனிக்கு 1+, உடலுக்கு 1-. இரண்டரை ஸ்கொயர் ஒயர் வெப்பத்தை வேகமாக உறிஞ்சிவிடும் என்பதால் 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். ஈயம் மேலே உருண்டு நிற்குமே தவிர உள்ளே ஊறாது. 60 வாட் அயர்ன் கொண்டு, ஒயரையும் ஜாக்கின் தகட்டையும் தனித்தனியே ஈயம் பூசிவிட்டுச் சேருங்கள். முடிந்ததும் அந்தக் கேபிளில் "ஸ்பீக்கர்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

சோதிக்காமல் ஹெட்டில் மாட்ட வேண்டாம். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, 1+ இலிருந்து 1+ க்கும், 1- இலிருந்து 1- க்கும் ஓசை வருகிறதா என்றும், + க்கும் - க்கும் இடையே வராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓசை வந்துகொண்டிருக்கும்போதே இரு முனையிலும் ஒயரை வளைத்து ஆட்டுங்கள். ஒரு கணம் விட்டு வந்தாலும் அந்த முனையைத் திறக்க வேண்டும். பிறகு கேபிளைக் கேபினெட்டில் மாட்டி, மறுமுனையில் மின்தடையை அளந்தால் 8 ஓம் கேபினெட் ஆறு ஓமை ஒட்டிக் காட்டும். 8 காட்டவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இரண்டு கேபினெட் வைத்திருப்பவர் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை துருவம் பார்ப்பது. ஒரு கேபிளில் மட்டும் + - மாறிவிட்டால், ஒரு கேபினெட்டின் கூம்பு வெளியே வரும்போது மற்றொன்று உள்ளே போகும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, இரண்டு கேபினெட் இருந்தும் அடிச்சுருதி காணாமல் போகும். பலர் இதை ஆம்ப்ளிஃபயரின் கோளாறு என்று நினைத்து பேஸ் குமிழைக் கூட்டிக்கொண்டே போவார்கள். முன் வலையைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றின் + முனையைக் கேபிளின் 1+ இலும், - முனையை 1- இலும் ஒரு கணம் தொடுங்கள். பட்டென்ற ஓசையுடன் கூம்பு முன்னே வரும். இரண்டு கேபினெட்டிலும் ஒரே திசையில் நகர்ந்தால் வேலை சரி.

வால்வ் (டிரான்சிஸ்டருக்குப் பதிலாக வெற்றிடக் குழாய்களில் இயங்கும்) ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கேபிள் செய்து கொடுப்பதானால் கூடுதல் கவனம் வேண்டும். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி போன்ற 300 வாட் வால்வ் ஹெட்களில், ஒயர் அறுந்து சுமை இல்லாமல் போவது பெரிய ஆபத்து. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் உயர் வோல்டேஜ் எழும்பி அதன் காப்பையே துளைத்துவிடக்கூடும். டிரான்சிஸ்டர் ஹெட் ஷார்ட்டுக்கு அஞ்சும், வால்வ் ஹெட் அறுபடுதலுக்கு அஞ்சும். ஆகவே அவர்களுக்குச் செய்யும் கேபிளில் இழுத்துப் பார்க்கும் சோதனையை இரண்டு மடங்கு கவனத்தோடு செய்யுங்கள்.

வீட்டு மின்சார 5 ஆம்ப் பிளக்கையும் சாக்கெட்டையும் ஸ்பீக்கர் இணைப்புக்குப் பயன்படுத்துவதை எங்காவது பார்த்தால் பின்பற்றாதீர்கள்; தெரியாத ஒருவர் அதைச் சுவரில் செருகினால் 230 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்குள் போகும், திறந்த முனையைக் கையில் பிடித்திருப்பவருக்கும் அதே கதிதான். உங்கள் அமைப்புக்கு ஒன்றரை மீட்டரில் ஒன்று, ஒரு மீட்டரில் ஒன்று, கூடவே உபரியாக ஒன்றரை மீட்டரில் இன்னொன்று என மூன்று கேபிள் செய்துகொள்ளுங்கள். நான்கு மீட்டர் ஒயரும் ஆறு ஸ்பீக்கானும் வாங்கினால் போதும்.