இன்ஜினியரிங் படிக்க எந்த கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: தம்பிக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது, அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் கிராஃபிங் கால்குலேட்டர் (திரையில் வரைபடமும் போட்டுக் காட்டுவது) வாங்கி வருகிறேன் என்கிறார், எந்த மாடல் சொல்லலாம். பொதுவாக இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. இதற்கு எழுதாமல் இருந்தால் ராத்திரி தூக்கம் வராது.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் மனசு கோணாதபடி ஹார்ட் டிஸ்க், ஹெட்போன் என்று வேறு எதையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கால்குலேட்டரை இங்கேயே, கேசியோ 991 வரிசையில் ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மிச்சமெல்லாம் என் சொந்தக் கதை.

நான் 2009-ல் திருநெல்வேலி பக்கத்தில் ஒரு கல்லூரியில் மின்னியல் படிக்கச் சேர்ந்தேன். சொந்த ஊர் வள்ளியூருக்குக் கிழக்கே, பெயர் எதற்கு. பிளஸ் டூ வரைக்கும் கால்குலேட்டரைத் தொட்டதில்லை, எங்களுக்கெல்லாம் லாகரிதம் டேபிள்தான். முதல் வருஷம் ஜங்ஷனில் ஒரு அண்ணாச்சி கடையில் கேசியோ 82எம்எஸ் வாங்கினேன். சைன், காஸ், லாக் எல்லாம் போடும், காம்ப்ளெக்ஸ் நம்பர் (கலப்பெண்) போடாது. மின்னியல்காரனுக்குக் காம்ப்ளெக்ஸ் நம்பர் இல்லாமல் ஒரு நாள் ஓடாது என்பது மூன்றாம் செமஸ்டரில்தான் உறைத்தது. சரி, 991எம்எஸ் வாங்கலாம் என்று காசு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்காவும் அத்தானும் டல்லாஸிலிருந்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தார்கள். 2011 பங்குனி. அத்தான் பெட்டியைத் திறந்து, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, ‘மாப்பிளே, இது உனக்கு’ என்று எடுத்துக் கொடுத்தார். டிஐ-84 பிளஸ். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் தலைமையகம் டல்லாஸில்தான் இருக்கிறது, அந்த ஊர்க்காரர் அதைத்தான் வாங்குவார். நூறு டாலர் பக்கம். செங்கல் மாதிரி கனம், நாலு டிரிபிள் ஏ பேட்டரி. நான் சைன் வளைவு ஒன்று போட்டுக் காட்டினேன். எங்கள் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, இதில் படம் பார்க்கலாமா என்று கேட்டார். வில்லுப்பாட்டுக்காரர்கள் சாப்பிட வந்த இடத்தில் அவர்களுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புதுசு வந்துவிட்டதே என்று அம்மா 82எம்எஸ்ஸைத் தூக்கி, பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். ‘ஏல, அத்தான் அம்புட்டுத் தொலைவுல இருந்து கொண்டாந்திருக்காரு, அதை வச்சு எழுதுனாத்தான் அவருக்கு மரியாதை’ என்றாள். நியாயம்தானே என்று நானும் நினைத்தேன், உண்மையைச் சொன்னால் எனக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிய ஆசைதான். கல்லூரியில் உள்தேர்வுக்குக் கொண்டுபோனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சார் ஒருவர் வாங்கிப் பார்த்துத் தடவித் தடவிக் கொடுத்தார்.

செமஸ்டர் தேர்வு, கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் தாள். முக்கால் மணி நேரம் நல்லபடியாகத்தான் போனது. பறக்கும் படை வந்தது. வந்தவர் என் மேஜை மேல் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இது என்ன என்றார். கால்குலேட்டர் சார் என்றேன். இதில் எழுத்து ஏற்ற முடியுமா என்றார். நான் முட்டாள்தனமாக, முடியும் சார், புரோகிராம்கூட எழுதலாம் என்று பெருமையாகச் சொன்னேன். நான்-புரோகிராமபிள் கால்குலேட்டர் மட்டும்தான் அனுமதி என்று விதியில் இருக்கிறது, அதைப் படித்தவன் எவன். மெமரி முழுக்கத் துழாவிப் பார்த்தார், ஒன்றும் இல்லை, அதனால் மால்பிராக்டிஸ் என்று எழுதவில்லை. அந்த மனுஷனுக்கு அதற்காக இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் கால்குலேட்டர் ஹால் சூப்பர்வைசர் மேஜைக்குப் போய்விட்டது. பக்கத்தில் கேட்டு வாங்கவும் விடமாட்டார்கள்.

மீதி இரண்டேகால் மணி நேரம். போடு பிளாட் (Bode plot) ஒன்று, 16 மார்க். ஃபிரீக்வென்சி ஏற ஏற ஒரு சிஸ்டத்தின் மேக்னிட்யூட் (அளவு), ஃபேஸ் (கோணம்) இரண்டும் எப்படி மாறுகின்றன என்று வரையும் இரண்டு வளைவுகள். செமிலாக் ஷீட் (ஒரு பக்கம் மட்டும் லாக் அளவு போட்ட கிராஃப் தாள்) கையில், கால்குலேட்டர் இல்லை. மேக்னிட்யூட் பக்கம் பிழைத்தேன், அதற்கு லாக் 2 = 0.301, லாக் 3 = 0.477 தெரிந்தால் போதும், கோடு திரும்புகிற கார்னர் ஃபிரீக்வென்சி வருகிற இடத்தில் டெகேடுக்கு (ஃபிரீக்வென்சி பத்து மடங்காகும் தூரத்துக்கு) 20 டெசிபல் கூடுதலாகச் சரித்துக்கொண்டே போகலாம். பிளஸ் டூவில் லாக் டேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த புண்ணியம். ஃபேஸ் பக்கம்தான் கழுத்தறுத்தது. டேன் இன்வர்ஸ் 1 என்றால் 45 டிகிரி, டேன் இன்வர்ஸ் அரை 26.6, இரண்டு 63.4, அதெல்லாம் மனப்பாடம். சின்ன எண் வந்தால் 57.3-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வந்துவிடும், 0.1-க்கு 5.7. இடைப்பட்ட எண்களுக்கு? குத்துமதிப்பாகப் புள்ளி வைத்தேன். வளைவு பார்க்க மணிமுத்தாறு மலைப்பாதை மாதிரி இருந்தது. அடுத்து காம்பென்சேட்டர் டிசைன், அதில் கை வைக்கவே முடியவில்லை.

அரியர். நவம்பரில் எழுதிப் பாஸ் ஆனேன். ஆனால் டிஸ்டிங்ஷனுக்கு எல்லாத் தாளும் முதல் தடவையிலேயே பாஸ் ஆகியிருக்க வேண்டும், அது போயிற்று. (அதற்கு வேண்டிய 8.5 கிரேடு எனக்கு எப்படியும் வந்திருக்காது. அது வேறு விஷயம்.)

இப்போது ஒரு கூட்டம் கிளம்பி வரும், விதியைப் படிக்காதது உன் தப்பு, கால்குலேட்டர் என்ன செய்யும் என்று. ஒத்துக்கொள்கிறேன். டிஐ-84 நல்ல பொருள்தான். ஆனால் அதன் திரை 96-க்கு 64 புள்ளிதான். அதில் போடு பிளாட் போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும், அதை வைத்து கெயின் மார்ஜின் (சிஸ்டம் நிலை தவறாமல் இன்னும் எவ்வளவு தாங்கும் என்கிற அளவு) படிக்கவும் முடியாது. இன்றைக்கு உங்கள் தம்பி கையில் இருக்கும் போனில் டெஸ்மாஸோ ஜியோஜீப்ராவோ இலவசமாக இறக்கினால் அதைவிட நூறு மடங்கு தெளிவாக வரும். வரைபடம் பார்த்து விஷயம் புரிந்துகொள்வதற்குப் போன், தேர்வுக்கு 991.

அமெரிக்காவிலேயே இன்ஜினியர் லைசென்ஸுக்கு முதல் படியாக எழுதும் எஃப்இ தேர்வில் டிஐ-84 செல்லாது. அங்கே அனுமதித்த பட்டியலில் கேசியோ 991 இருக்கிறது. அத்தானுக்கு இதை ஒரு நாள் சொல்ல வேண்டும் என்று பதினைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எம்.டெக் சேர எழுதும் கேட் (GATE) தேர்வுக்குப் போனால் 991-ம் செல்லாது, திரையில் அவர்கள் தரும் கால்குலேட்டரில் மவுஸால்தான் தட்ட வேண்டும், அதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

991-ல் எது என்றால், காசு குறைவு என்றால் எம்எஸ். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் இஎஸ் பிளஸ், பின்னமும் ரூட்டும் நாம் நோட்டில் எழுதுவது மாதிரியே திரையில் வரும், தப்பாகத் தட்டினால் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் இஎக்ஸ், நாலு மாறிச் சமன்பாடு வரைக்கும், நாலுக்கு நாலு மேட்ரிக்ஸ் வரைக்கும் போடும், மற்ற இரண்டும் மூன்றோடு நின்றுவிடும். மூன்றில் எதுவானாலும் போதும். எது வாங்கினாலும் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள், டூப்ளிகேட் நிறைய, எண் எல்லாம் சரியாக அச்சடித்திருப்பான், ஆறு மாதத்தில் சமம் பட்டன் உள்ளே போய்விடும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்கள் விதி வேறாக இருக்கலாம், சேர்ந்த முதல் வாரமே சீனியரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாடலை விட முக்கியம், வாங்கியதும் பெட்டிக்குள் இருக்கும் அந்த மடித்த தாளைத் தூக்கிப் போடாமல் படிப்பது. அந்த அரியர் லீவில் நண்பனிடம் பழைய 991எம்எஸ் ஒன்றை வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாகத் தட்டிப் பார்த்தேன். நியூட்டன் ராப்சன் கணக்கு இருக்கிறதே, குத்துமதிப்பான விடையில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாகச் சரியான விடையை நெருங்குவது, எக்ஸ் க்யூப் மைனஸ் 2எக்ஸ் மைனஸ் 5 சமம் 0, நியூமெரிக்கல் மெத்தட்ஸில் எல்லாரும் போடுவது. பையன்கள் ஒவ்வொரு சுற்றையும் மறுபடி மறுபடி முழுசாகத் தட்டுவார்கள். தொடக்க விடையாக 2 சமம் தட்டிவிட்டு, எக்ஸ் வரும் இடமெல்லாம் ஆன்ஸ் பட்டனை (கடைசியாக வந்த விடை) போட்டு நியூட்டன் ராப்சன் சூத்திரத்தை ஒரே ஒரு தடவை அடியுங்கள். அப்புறம் வெறும் சமம், சமம், சமம். 2.1, 2.0946 என்று தானாக இறங்கி 2.09455-ல் நின்றுவிடும். இதை நான் கண்டுபிடித்த அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், ‘கெட்டிக்காரன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று, திரையின் மேலே சின்னதாக ‘டி’ (டிகிரி) எழுத்து இருக்கிறதா ‘ஆர்’ (ரேடியன்) எழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் பாருங்கள். ரேடியனில் கிடந்த கால்குலேட்டரில் பவர் ஃபேக்டர் போட்டு மைனஸ் வந்து முழித்தவர்கள் என் வகுப்பில் மட்டும் நாலு பேர். 991எம்எஸ்ஸில் மோட் பட்டனை நாலு தடவை தட்டி 1 அழுத்தினால் டிகிரி.

இப்போது நான் பணகுடி பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிறேன். அதே 991எம்எஸ் இன்னும் பையில்தான் இருக்கிறது, மூடி போய்விட்டது. மிஷின் எவ்வளவு பவர் தருகிறது என்று பார்க்க ரூட் 3 இன்டு 690 வோல்ட் இன்டு கரண்ட் இன்டு பவர் ஃபேக்டர், இதைப் போனில் தட்டுவதைவிட இதில் சீக்கிரம் வரும், கையில் கிரீஸ் இருந்தாலும் பட்டன் வேலை செய்யும். அந்தக் கணக்கைப் போட்டு என்ன பிரயோஜனம் என்று ஆனி ஆடியில் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆளைத் தூக்குகிற மாதிரி காற்று வரும், அந்த நேரம் பார்த்துத்தான் மேலேயிருந்து போன் வரும், லைனில் லோடு தாங்காது, மிஷினை நிறுத்து என்று. வருஷம் பூராவும் காற்றுக்குக் காத்திருந்து, காற்று வந்ததும் இறக்கையைத் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். முதலாளி எங்களைப் பார்ப்பார், நாங்கள் வானத்தைப் பார்ப்போம். சரி, கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தம்பி வெளிநாட்டில் போய்ப் படிக்கப் போகிறான், அங்கே வகுப்பில் கேட்கிறார்கள் என்றால் மட்டும் கதை வேறு. அப்போதும் இங்கிருந்து வாங்கிக்கொண்டு போகாமல், அங்கே போய் வாத்தியார் எதை வைத்து நடத்துகிறார் என்று பார்த்துவிட்டு வாங்கட்டும்.

என் டிஐ-84 பீரோவில் இருக்கிறது. உள்ளே இருந்த பேட்டரியை அம்மா டிவி ரிமோட்டுக்குப் போட்டுவிட்டாள். அத்தான் ஒவ்வொரு தடவை வரும்போதும் ‘அந்த கால்குலேட்டர் யூஸ் ஆச்சா மாப்பிளே’ என்று கேட்பார், நல்லா யூஸ் ஆச்சு அத்தான் என்பேன். வள்ளியூர் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், சும்மா தருகிறேன். அடுத்த கொடைக்கு முன்னால் வந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.