தாடியை எடுக்கவா, பேஸ்புக்கை மூடவா?

கேள்வி: மகனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்து, மாணவர் வீசாவுக்குத் தேவையான ஐ-20 பத்திரமும் வந்துவிட்டது. "மொஹமட் என்ற பெயரைக் கண்டாலே அங்கே சந்தேகம்தான். தாடியை எடு, பேஸ்புக்கை அழி" என்கிறார் என் நானா (அண்ணன்). மகன் குழம்பிப்போயிருக்கிறான். அனுப்பவா, விடவா?
- ஓர் உம்மா, தெஹிவளை

பதில்: அனுப்புங்கள், சகோதரி. தாடி மகன் இஷ்டம். பேஸ்புக்கை மட்டும் அழிக்க விடாதீர்கள்.

அமெரிக்கர்களின் பயம் வெறும் கற்பனை இல்லை. 2001 செப்டெம்பர் 11இல் தாக்கிய 19 பேரில் ஒருவன் மாணவர் வீசாவில் போனவன். சேர வேண்டிய ஆங்கில வகுப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேறு இருவருக்கு மாணவர் அனுமதி கிடைத்ததாக விமானப் பயிற்சிப் பள்ளிக்குக் கடிதம் வந்தபோது, அவர்கள் செத்து ஆறு மாதம். அந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகு அவசர அவசரமாக வந்ததுதான் 2003இன் செவிஸ் கணினிப் பதிவு. எந்த மதமானாலும் வெளிநாட்டு மாணவர் எல்லோரும் அதில் இருப்பார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்களைக் கூப்பிட்டுக் கைரேகை எடுத்தார்கள். வட கொரியா தவிர எல்லாம் முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள்; இலங்கை அதில் இல்லை. 80,000க்கு மேற்பட்டவர்கள் பதிந்தும், பயங்கரவாதக் குற்றத்தில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆனால் 13,000க்கு மேற்பட்டோர் மீது நாடுகடத்தல் வழக்கு. 2011இல் அதைக் கைவிட்டார்கள்.

பெயரைப் பார்த்து ஆளைப் பிடிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று வெள்ளவத்தைக்காரருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம்தான் நிறுத்தியது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்களான உங்கள் முறை வந்தது. அந்தத் தாக்குதலுக்கு முன்பே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறை எங்கே இருந்தது, அடி யாருக்கு விழுந்தது பாருங்கள்.

சரி, மகன் விஷயம். வீசா விண்ணப்பத்தில் கடந்த ஐந்து வருடம் பாவித்த சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர்கள் அவற்றை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். இது எனக்குப் பிடித்த விதி இல்லை. ஆனாலும் ஒரு கணக்கை மறைத்து அகப்பட்டால், அது பொய் சொன்ன கணக்கில் சேரும். பிறகு வீசாவை மறந்துவிட வேண்டியதுதான். பழைய கிரிக்கெட் சண்டையெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்.

தாடியைவிட எனக்குப் பயம் பெயரின் எழுத்துக்கூட்டலில்தான். நம் ஊரில் பிறப்புச் சான்றிதழில் ஒரு மொஹமட், சாதாரண தரப் பெறுபேற்றில் வேறொரு மொஹமட், பாஸ்போட்டில் முதலெழுத்து மூன்றும் விரிந்து இன்னொன்று. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி இன்றைக்கே ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக் கையில் வைத்திருக்கட்டும்.

அங்கே போன பிறகு பிள்ளைகள் மாட்டுவது பெரும்பாலும் சில்லறை விஷயங்களில். பாடம் கஷ்டம் என்று ஒன்றைக் கைவிட்டு முழுநேர மாணவர் என்ற நிலையை இழப்பது, வீடு மாறி 10 நாளுக்குள் அறிவிக்காமல் விடுவது, அனுமதியில்லாமல் வெளியே கடையில் கைக்காசுக்கு வேலை செய்வது. வளாகத்துக்குள் என்றால் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். எதையும் செய்யுமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கானோரின் செவிஸ் பதிவைத் திடீரென்று ரத்துச் செய்து, வழக்குகள் குவிந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் அந்தக் கடிதங்கள் கைகொடுக்கும்.

அப்புறம் நானா. மருமகன்மேல் அவ்வளவு அக்கறை இருந்தால், செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டும் வங்கிக் கடிதத்துக்கு அவரையும் ஒரு கை கொடுக்கச் சொல்லுங்கள்.