எஃப்.ஐ.ஆர். இருந்தால் பாஸ்போர்ட் கிடைக்காதா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தவன். 2019-ல் குடிதண்ணீர் கேட்டு ஊரோடு சாலை மறியல் செய்தோம். என் பேரும் எஃப்.ஐ.ஆரில் உள்ளது, இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 341, 188 என்று பிரிவுகள் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு சம்மன் எதுவும் வரவில்லை. ஷார்ஜாவில் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனால், போலீஸ் ரிப்போர்ட் பாதகமாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். 'கேஸ் இல்லை என்று போட்டுப் புதிதாக விண்ணப்பித்துவிடலாம்' என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: ஏஜென்ட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் கேட்பது சலுகை அல்ல, உரிமை. 1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை 'பொது நலன் கருதி' என்று சொல்லி மத்திய அரசு முடக்கியது. காரணம் கேட்டார், சொல்ல மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் போனார். அதற்கு முன் 1950-ல், சென்னை மாகாண அரசு அடைத்து வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தொடுத்த வழக்கில், சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அதன் நடைமுறை நியாயமானதா என்று அரசியல் சட்டத்தில் உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-வது பிரிவின் கீழ் பார்க்க வேண்டியதில்லை என்ற போக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. மேனகா வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு 25.1.1978 அன்று அந்தப் பார்வையை மாற்றியது. வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், அதைப் பறிக்கும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், பாதிக்கப்படுபவரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்றது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு மேனகாவுக்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் தரப்பைக் கேட்கிறோம் என்று அரசு உறுதி சொன்னதால் பாஸ்போர்ட்டை முடக்கிய உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. பலன் பின்னால் வந்தவர்களுக்கு, அதாவது உங்களுக்கு.

சரி, உங்கள் விஷயம். பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 6(2)(எஃப்) 'குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள நடவடிக்கை' பற்றித்தான் பேசுகிறது. எஃப்.ஐ.ஆர். என்பது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் காகிதம். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, மாஜிஸ்திரேட் அதைக் கோப்புக்கு எடுத்து நம்பர் கொடுத்தால்தான் அது நீதிமன்ற வழக்கு. வெறும் எஃப்.ஐ.ஆரும் போலீஸ் விசாரணையில் உள்ள வழக்கும் இந்தப் பிரிவில் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 10.10.2019 தேதியிட்ட குறிப்பாணையில் சொல்லியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் பலமுறை இதையே சொல்லிவிட்டது.

அதனால் முதல் வேலை, எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்து உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சி.சி. நம்பர் (நீதிமன்றம் வழக்குக்குக் கொடுக்கும் எண்) விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. விழவில்லை என்றால் அதைச் சொல்லி, அந்தக் குறிப்பாணையையும் காட்டி பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் பதில் எழுதுங்கள். அப்படியும் மறுத்தால் பிரிவு 5(3)-ன் கீழ் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வீடு திரும்பாதீர்கள். அந்தக் காகிதம் இருந்தால்தான் மேல்முறையீடோ, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுவோ போட முடியும்.

நம்பர் விழுந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். 25.8.1993 அறிவிக்கைப்படி, அதே நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் தருவார்கள். நீதிமன்றம் குறிப்பிடும் காலத்துக்குச் செல்லும். காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். ஆகவே மனுவிலேயே எத்தனை வருடம் என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், இந்த எஃப்.ஐ.ஆரையே மதுரைக் கிளையில் ரத்து செய்யக் கேட்கலாம். என் பார்வையில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. அரசு ஊழியரின் உத்தரவை மீறுவதற்கான 188-வது பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீதி இரண்டும் (143 சட்டவிரோதக் கூட்டம், 341 வழிமறிப்பு) ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய பிரிவுகள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468-ன்படி இவற்றுக்குக் காலவரம்பு ஓராண்டு. தாமதத்தை மன்னிக்க 473-ல் வழி உண்டு என்றாலும், இத்தனை வருடத் தூக்கத்துக்குப் போலீஸ் காரணம் சொல்லியாக வேண்டும்.

இப்போது ஏஜென்ட். விண்ணப்பத்தில் உள்ள கேள்வி நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையா என்பதுதான். நம்பர் விழாத நிலையில் 'இல்லை' என்பது பொய் அல்ல, ஆனாலும் எஃப்.ஐ.ஆர். விவரத்தைத் தனிக் கடிதமாக இணைத்துவிடுங்கள். நம்பர் விழுந்த பிறகு 'இல்லை' என்று போட்டால் பிரிவு 12-ன் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை, கையில் வந்த பாஸ்போர்ட்டும் போகும். கையெழுத்து உங்களுடையது, ஏஜென்டுடையது அல்ல.