மண்ணும் கல்லும் சொல்வதை எப்படிப் படிக்கிறார்கள்? – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் சண்டையில் இறந்தவர்களுக்கு நட்ட நடுகற்களைத் தேடி அலைந்து, அவற்றின் எழுத்தைத் தாளில் மைப்படியாக எடுத்து, படித்து வருகிறேன். இந்த முறை நம் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பாலக்கோட்டிலிருந்து ஓர் ஆசிரியை: அதியமான் நிஜமாகவே வாழ்ந்தவனா, பாட்டில் மட்டும் வருகிறவனா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

வாழ்ந்தவன்தான் என்று தைரியமாகச் சொல்லுங்கள் டீச்சர். ஔவையின் பாடல்கள் ஒரு சாட்சி. ஆனால் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுத மாட்டார்கள், அதோடு தொடர்பில்லாத இன்னொரு சாட்சியைத் தேடுவார்கள். அசோகர் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்றொரு பெயரும் வருகிறது. அவர்கள் யார் என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 1981-இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில், பாறைக் குகையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஒரு வரி கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. பாளி என்றால் உறைவிடம். பாட்டில் வரும் பெயரும் அசோகர் சொன்ன பெயரும் ஒரே வரியில் சேர்ந்து நிற்கின்றன. முதன்முதல் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஊத்தங்கரை, கல்லூரி மாணவர்: கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்றார்கள். இரும்பின் வயதை எப்படி அளக்கிறார்கள்?

அங்கே அளந்தது இரும்பை அல்ல தம்பி, கரியை. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரிமம்-14 என்ற ஒரு வகைக் கரிமம் சேர்ந்துகொண்டே இருக்கும். செத்த பிறகு அது குறையும், 5730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்து வயதைக் கணக்கிடுவார்கள். வில்லார்ட் லிப்பி கண்டுபிடித்த இந்த முறைக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று சில மில்லிகிராம் கரி இருந்தாலே போதும். வந்த எண்ணை மர வளையங்களின் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்துவதும் உண்டு.

ஆனால் கவனிக்க வேண்டிய இடம் வேறு. கரியும் இரும்பும் ஒரே மண்ணடுக்கில், கலையாமல் கிடந்தால்தான் கரியின் வயது இரும்புக்கும் பொருந்தும். நடுவில் ஒரு எலி வளை போயிருந்தால் கணக்கே மாறிவிடும். அதனால்தான் அகழாய்வுக் குழியில் அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிறார்கள், ஒவ்வொரு அடுக்கையும் வரைந்து வைக்கிறார்கள்.

ஓசூர்: மல்லசந்திரம் கல்வீடுகளில் குள்ளர்கள் வாழ்ந்தார்களா?

இல்லை. அவை இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்திட்டைகள்.

அரூர், விவசாயி: ஏர் ஓட்டும்போது வழவழப்பாக ஒரு கல் கிடைத்தது. கோடரி மாதிரி இருக்கிறது. பிள்ளையார் கோயிலில் வைக்கலாமா?

அண்ணா, வைப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கிடைத்த இடம், ஆழம், பக்கத்தில் பானை ஓடு இருந்ததா என்பதை எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தருமபுரி அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம். அது புதிய கற்காலக் கோடரியாக இருக்கலாம். எந்த வயலில் கிடந்தது என்று தெரிந்தால், அந்த மக்கள் அங்கே வாழ்ந்திருக்கலாம் என்று தேடிப் போக வழி பிறக்கும். இடம் தெரியாவிட்டால் அது வெறும் அழகான கல்.

பென்னாகரம்: எங்கள் ஊர்ச் சாமி வேடியப்பன் சிலை நடுகல்தான் என்கிறார்கள். பெயின்ட் அடித்துப் புதுப்பிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். கும்பிடுவதால்தான் இந்தக் கற்கள் இத்தனை நூற்றாண்டு பிழைத்தன, பூசையை விட வேண்டியதில்லை. ஆனால் பெயின்ட் எழுத்தின் பள்ளத்தை அடைத்துவிடும். நாங்கள் கல்லைத் துடைத்து, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவோம். எழுத்து வெள்ளையாக நிற்கும். பள்ளம் இல்லையென்றால் தாள் எங்கே இறங்கும்?

நடுகல் எழுத்தில் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டு, மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டை, அதில் இறந்தவன் பெயர் இவ்வளவுதான் இருக்கும். சாமானியனின் பெயர் அரசன் பெயருக்குப் பக்கத்தில் நிற்பதை வேறெங்கே பார்க்க முடியும்? திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது: கோவிவன். திருடர்களைக் கடித்து நின்ற நாய்.

ஒரு தடவை ஏரிக்கரையில் ஒரு கல்லை மைப்படி எடுத்தேன். மறு வருடம் போனால், சாலை வேலையில் உடைத்துப் போட்டிருந்தார்கள். இப்போது அந்த வீரனின் பெயர் என் வீட்டு பீரோவில் ஒரு தாளில் மட்டும் இருக்கிறது. உங்கள் ஊர்க் கல்லுக்குச் சீக்கிரம் வருகிறேன், அதுவரை அப்படியே விட்டு வையுங்கள்.